அடுக்கு கேக்கை வண்டியில் ஏற்றும் முன்

அடுக்கு கேக் வழியில் சாய்ந்துவிட்டால் பழி ஓட்டியவர் மேலோ சாலைப் பள்ளத்தின் மேலோ விழும். பெரும்பாலும் காரணம் கேக்குக்குள்ளேயே இருக்கும். மேல் அடுக்கின் எடையைக் கீழே இருக்கும் கேக் சுமக்கவே கூடாது. அதைச் சுமக்க வேண்டியவை டவல் (dowel) குச்சிகள், அதாவது கேக்குக்குள் நேராக நிறுத்தும் தாங்கு குச்சிகள். அது ஒரு வேலை. வண்டி திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் அடுக்குகள் நழுவாமல் பிடிப்பது வேறு வேலை, அதற்கு மேலிருந்து கீழ்வரை போகும் நடுக்குச்சி வேண்டும். நடுக்குச்சி இல்லாத கேக் மேசையில் அழகாக நிற்கும். முதல் வளைவில் நகரும்.

அடிப்பலகை 12 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும், கீழ் அடுக்கைவிட 4 இன்ச் அகலமாகவும் இருக்கட்டும். மெல்லிய அட்டை தூக்கும்போது லேசாக வளையும். கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபாண்டன்ட்டின் முகப்பில் திடீரென்று விரிசல் விழுந்தால் பலரும் ஃபாண்டன்ட்டைக் குறை சொல்கிறார்கள், வளைந்த அட்டையை யாரும் பார்ப்பதில்லை. பலகைக்கு அடியில் ஒன்றரை செ.மீ. உயரத்தில் நாலு கால் ஒட்டிவிட்டால் விரல் நுழைத்துத் தூக்க வசதி.

மேல் அடுக்கு ஒவ்வொன்றுக்கும் அடியில் தனி போர்டு, அதாவது கேக்கைத் தாங்கும் தட்டையான அட்டை அல்லது பலகை, கட்டாயம். போர்டு இல்லாவிட்டால் குச்சிகள் மேலே இருக்கும் கேக்குக்குள் ஏறிவிடும். ஒரே அடுக்கு 4 இன்ச்சுக்கு மேல் உயரமாக இருந்தால் அதன் நடுவிலும் ஒரு போர்டும் குச்சிகளும் வையுங்கள்.

குச்சி வெட்டுவதில்தான் பாதி கேக்குகள் கோணலாகின்றன. மேல் அடுக்கின் அளவுள்ள காலி போர்டைக் கீழ் கேக்கின் மேல் வைத்து லேசாக அழுத்தினால் வட்டம் பதியும். அந்தக் கோட்டுக்கு 2 செ.மீ. உள்ளே தள்ளிக் குச்சிகளின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. மரக்குச்சி என்றால் 6 இன்ச் மேல் அடுக்குக்கு நாலைந்து, 8 இன்ச்சுக்கு ஆறு, 10 இன்ச்சுக்கு எட்டு. பயத்தில் அதற்கு மேல் குத்தினால் கேக் உள்ளேயே பிளந்துவிடும்.

கேக்கின் மேல்பரப்பில் எங்கே மிக உயரமோ அங்கே ஒரு குச்சியை நேராக இறக்கி, அடிப்பலகையைத் தொட்டதும் க்ரீம் மட்டத்தில் கோடு போட்டு வெளியே எடுங்கள். எல்லாக் குச்சிகளையும் அந்த ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். அந்தந்த இடத்தில் அளந்து வெட்டினால், கேக்கின் சரிவு அப்படியே குச்சிகளுக்கும் வந்து மேல் அடுக்கு சாய்ந்தே உட்காரும். ஒரே நீளமாக வெட்டும்போது தாழ்ந்த பக்கத்தில் குச்சி ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும், அதைக் க்ரீம் மூடிவிடும். நாலு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேக்கையே மறுபடி சமப்படுத்த வேண்டியதுதான்.

வெட்டிய முனை தட்டையாக இருக்க வேண்டும். செடி வெட்டும் கத்தரியில் வெட்டினால் முனை நசுங்கிச் சரியும். சிறு பல் ரம்பத்தில் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, கழுவிக் காயவையுங்கள். பிறகு மேசையில் எல்லாவற்றையும் நிறுத்தி, மேலே போர்டை வைத்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நின்றால்தான் அவை கேக்குக்குள் போகலாம். தடித்த ஸ்ட்ரா சிறிய கேக்குக்குப் போதும், ஆனால் தூரம் போகும் கேக்குக்கு நான் மரத்தைத்தான் சொல்வேன். உள்ளீடற்ற அகலமான பிளாஸ்டிக் குழாயும் நல்லது, மென்மையான ஸ்பாஞ்சில் அது சாயாமல் நிற்கும்.

குச்சித் தலைகளில் உருக்கிய சாக்லேட் ஒரு பொட்டு வைத்து மேல் அடுக்கை இறக்குங்கள். அது இறுகும் வரை இடத்தைச் சரிசெய்ய ஒரு நிமிடம் கிடைக்கும்.

நடுக்குச்சியின் ஒரு முனையைப் பென்சில் போலச் சீவி, எல்லா அடுக்குகளும் ஏறிய பிறகு மேலிருந்து சிறு சுத்தியலால் தட்டி இறக்கலாம், அட்டை போர்டை அது துளைத்துவிடும். கடினமான போர்டு என்றால் கேக் வைப்பதற்கு முன்பே நடுவில் துளை போட்டிருக்க வேண்டும். நுனி அடிப்பலகையிலும் கொஞ்சம் பதிய வேண்டும், இல்லாவிட்டால் மொத்தக் கேக்கும் பலகைமேல் வழுக்கும். மொத்த உயரத்தைவிட 2 செ.மீ. குறைவாக வெட்டிக்கொண்டால் தலை மேலே தெரியாது. கடைசியில் தலையை உள்ளே இறக்க, அதே தடிமனில் வேறொரு குச்சியை மேலே வைத்துத் தட்டுங்கள்.

குளிர்ச்சியும் ஒரு தாங்கலே. வெண்ணெய் இறுகியிருக்கும்போது பட்டர்க்ரீம் கேக் ஒரே கட்டியாகப் பயணிக்கும், இளகினால் லேயர்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அடுக்கிய பின் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். விப்பிங் கிரீம் நிரப்பிய கேக்கை அடுக்கி அனுப்பவே வேண்டாம். ஃபில்லிங் இளகலாக இருந்தால் சுற்றி கெட்டியான பட்டர்க்ரீமில் வரப்பு போடுங்கள். கீழ் அடுக்கு இடுப்பில் பிதுங்குவது பெரும்பாலும் இந்த வரப்பு இல்லாததால்தான்.

பெட்டி அடிப்பலகையின் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பெட்டியின் உள்ளேயும் அடியிலும் வழுக்காத ரப்பர் விரிப்பு. வண்டியில் அதன் இடம் டிக்கியின் தட்டையான தரை. இருக்கை பின்னோக்கிச் சரிந்திருக்கும், மடி அதைவிட மோசம், சூடும் ஆட்டமும் சேர்ந்தே வரும். ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு, வண்டி குளிர்ந்த பிறகு கேக்கை ஏற்றுங்கள். டிக்கி தனியாக மூடியிருந்து குளிர் போகாத வண்டி என்றால் பின் இருக்கையை மடக்கிச் சமதளமாக்கிக்கொள்ளுங்கள். மூன்று அடுக்குக்கு மேல் போனால் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே அடுக்குவது உத்தமம்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்க அவசரப்பட வேண்டாம். மூடியிருந்தால் காற்றின் ஈரம் பெட்டியின் அட்டையில் படியும், திறந்தால் குளிர்ந்த ஃபாண்டன்ட்டில் படியும். வியர்த்த ஃபாண்டன்ட்டைத் துடைத்தால் கறை, விட்டால் தானே காயும். அதே க்ரீம் கொஞ்சம், ஸ்பேட்டுலா, கூடுதல் பூக்கள், உபரிக் குச்சி ஒன்றிரண்டு, ரசமட்டம் கையோடு இருக்கட்டும்.

கேக்கை ஒப்படைக்கும்போது உள்ளே எத்தனை குச்சி, எந்த அடுக்கில் என்று ஒரு தாளில் எழுதி, வெட்டப்போகிறவர் கையிலேயே கொடுங்கள். நடுக்குச்சியை முதலில் உருவிவிட்டு, மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக இறக்கித்தான் வெட்ட வேண்டும்.