வௌவால் எச்சத்தில் விளையும் கற்களும் அம்பாசமுத்திரம் ஆட்டோவும்

அம்பாசமுத்திரம் ரயிலடியில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் 600 ரூபாய் கேட்டார். ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போக வர, நடுவில் ஒரு மணி நேரம் காத்திருக்க. "அண்ணாச்சி, அது வவ்வா கோயிலு. உங்க துணியில இருந்து வண்டிக்குள்ள நாத்தம் ஏறிரும், பொறவு எவன் ஏறுவான்?" என்று காரணம் வேறு. இழுபறிக்குப் பிறகு 450-க்கு இறங்கினார். வெயிட்டிங் என்று திரும்பும்போது இன்னும் 50 வாங்கிக்கொண்டார். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் எங்கள் இருவருக்கும் ஆனது ஒரு காபிச் செலவுதான். வயிற்றெரிச்சல் ஆறவில்லை, அதனால் முதலில் இதைக் கொட்டிவிட்டேன்.

கோயில் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது திருப்பணி என்று கிளம்பி, புகை போட்டு வௌவால்களை விரட்டிவிடுவார்கள். தாமிரபரணிக் கரையில் இப்படி இருண்ட பிராகாரம் உள்ள பழைய கோயில்களுக்குப் பஞ்சமில்லை, ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் போகலாம்.

கூட வந்தது அத்தான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். ஆந்திராவில் பெலும் குகைக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு வௌவால் பைத்தியம் பிடித்துவிட்டது. 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுண்ணாம்புக்கல் குகை அது. எல்லாரும் மேலே தொங்கும் கல் விழுதுகளைப் போட்டோ எடுத்தால், இவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாராம்.

குருக்கள் நல்ல மனுஷர். "வெளிப் பிராகாரத்து மூலையில தாராளமாப் பாருங்கோ, டார்ச்ச மட்டும் மேல அடிக்காதீங்கோ" என்றார். நாற்றம் கண்ணைக் கரித்தது. அது அமோனியா. தூணடியில் முழங்கால் உயரத்துக்கு எச்சம், ஒவ்வொன்றும் அரிசி நீளத்தில், கருப்பாக. அத்தான் ஒரு துளியைக் காகிதத்தில் எடுத்துக் குச்சியால் நசுக்கினார். பொலபொலவென்று உதிர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் முழுக்க மினுமினுப்பு, ஜிகினாத் தூள் கொட்டினாற்போல. எல்லாம் செரிக்காத பூச்சிகளின் இறக்கையும் ஓடும். சுற்றிலும் நெல் வயல். ராத்திரி முழுக்க அங்கே பறக்கிற பூச்சிகளைத் தின்றுவிட்டு வந்து இங்கே போட்டு வைத்திருக்கின்றன. இதைப் போய் அசிங்கம் என்கிறார்கள்.

"இங்க கருங்கல்லு மாப்ள, பெருசா ஒண்ணும் நடக்காது. இதே குவியல் சுண்ணாம்புக்கல்லு மேல கெடந்தா கதையே வேற" என்று ஆரம்பித்தார் அத்தான். அவரை நிறுத்துவது கஷ்டம். ஆனால் விஷயம் அருமையாக இருந்தது.

எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கந்தகமும் இருக்கின்றன. நாள்பட மக்கும்போது நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரிக் அமிலமாக்கும், கந்தகம் கந்தக அமிலமாகும், பாஸ்பாரிக் அமிலமும் சேரும். குவியல் உள்ளுக்குள் புளித்துப்போய், அதிலிருந்து கசியும் நீர் அடியிலிருக்கும் சுண்ணாம்புக்கல்லை அரிக்கும். கல்லிலிருந்து வெளிவருகிற கால்சியம் சும்மா இருக்காது. சல்பேட்டோடு சேர்ந்தால் ஜிப்சம். பாஸ்பேட்டோடு சேர்ந்தால், ஈரமும் புளிப்பும் இருக்கிற இடத்தில் புருஷைட் என்ற கனிமம். அதிலிருந்து நீர் போய்விட்டால் மோனடைட். இன்னும் கீழே, கல்லே அமிலத்தை முறித்துவிடுகிற இடத்தில் ஹைட்ராக்சிஅபடைட். நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பது அந்த வகைதான். பூச்சியைத் தின்ற வௌவாலின் எச்சத்திலிருந்து பல்லுக்குள் இருக்கிற சரக்கு குகைத் தரையில் உருவாகிறது என்றால் சும்மாவா!

பாஸ்பேட்டும் சல்பேட்டும் ஒரே படிகத்தில் சேர்ந்திருக்கிற ஆர்டியலைட் என்று ஒரு கனிமம் உண்டு. ருமேனியாவில் சியோக்லோவினா என்ற குகையின் எச்சப் படிவில் கண்டுபிடித்து, 1930-களில் ஆர்டியல் என்ற அந்தப் பகுதியின் பெயரையே வைத்தார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் பதில் களிமண் மேல் எச்சம் விழுந்தால், அலுமினியமும் பொட்டாசியமும் சேர்ந்து மாவு மாதிரி வெள்ளையாக டாரனகைட் வரும். நைட்ரேட் உப்புகளும் தங்க வேண்டுமென்றால் குகை உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் ஓடினால் அவைதான் முதலில் கரைந்து போகும்.

கோயில் மேல்தளத்தில் ஒரு இடத்தில் செங்கல்லுக்கு நடுவே பழைய காரை வெள்ளையாகப் பூத்திருந்தது. அத்தான் சுரண்டி நாக்கில் வைக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். "காரையும் சுண்ணாம்புதான மாப்ள, உப்பா ஜிப்சமான்னு பாக்க வேண்டாமா?" என்றார். வாத்தியார்கள் இப்படித்தான்.

திருநெல்வேலிச் சீமையில் சுண்ணாம்புக்கல் இல்லாமலா போயிற்று? தாழையூத்தில் இந்தியா சிமென்ட்ஸ் 1949-லிருந்து ஆலை நடத்துவதே அதை நம்பித்தான். ஆனால் நம்முடையது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய படிகச் சுண்ணாம்புக்கல். மற்ற பாறைகளுக்கு நடுவே பட்டை பட்டையாக நிற்கும், பெலும் மாதிரி தண்ணீர் குடைந்து மண்டபம் மண்டபமாக ஆக்குகிற படுகை இல்லை. ஆக, வௌவால் ஒரு பக்கம், சுண்ணாம்பு ஒரு பக்கம். இரண்டும் சேராத ஊர். சிமென்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கக் கலக்கிறார்களே, அதுவும் ஜிப்சம்தான் என்று அத்தான் ஆறுதல் சொன்னார்.

அப்புறம் சாப்பாடு. அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டு மெஸ்ஸில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், ஓரத்தில் நல்லெண்ணெய். கறுப்பு உளுந்தின் தோல் அங்கங்கே ஒட்டியிருக்க, தேங்காயும் பூண்டும் சேர்ந்து குழைந்த சோறு. இலைக்கு 80 ரூபாய். ஆட்டோ பறித்த பணத்துக்கு இன்னும் ஆறு இலை சாப்பிட்டிருக்கலாம். இரண்டாவது தடவை சோறு போட்ட அம்மா, "கோயிலுக்கா போனீக? அதான் வாடை அடிக்கி" என்று சிரித்தார். ஆட்டோக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை போல.

போகிறவர்களுக்கு: முகக்கவசம் கட்டாயம், துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்காதீர்கள். எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம், குவியலைக் காலால் கிளறுவதும் வேண்டாம். அந்தி சாயும்போது வாசலில் நின்றால் கூட்டமாக வெளியே வருவதைப் பார்க்கலாம், காசு கிடையாது. பெரிய பழந்தின்னி வௌவால்களைப் பார்க்க ஆசையென்றால் திருப்புடைமருதூர் மருத மரங்களை அண்ணாந்து பாருங்கள். 1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னிகளை எலி, காகத்தோடு சேர்த்துத் தொல்லைப் பிராணி என்று வைத்திருந்தது. அந்தப் பட்டியலை எடுக்க 2022 திருத்தம் வரவேண்டியிருந்தது. ஐம்பது வருஷம்! நம் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் சலீம் அலி பழந்தின்னி என்ற மிக அரிய இனம் இருக்கிறது, அதற்காகவாவது கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம்.

மறுபடி பெலும் போய்த் தரையை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்கிறார் அத்தான். ரயில், அறை, குகை வரை வாடகை வண்டி என்று கணக்குப் போட்டால் ஆளுக்கு ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. அக்காவிடம் யார் கேட்பது என்பதில் பேச்சு நிற்கிறது.