தமிழ்ச் சேரும் வைகாசிக் குளிர்த்தியும்

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியர், எங்கள் தமிழ்ச் சேர், காலமான செய்தி வந்த இரவு ரொறன்ரோவில் நம் வகுப்புக்காரர் ஒருவரும் தூங்கவில்லை. அவர் படிப்பித்த யாப்பைப் பற்றி அவருடைய நினைவு மலருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். கை 1990ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கே போகிறது.

அந்த ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அதில் என் அப்பா. சேருடைய ஒரே மகனும்.

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்று, தேவாரம் முடிந்ததும் சேர் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். முதலில் காத்தான்குடியில் செத்தவர்களுக்காக, பிறகு நம்மவர்களுக்காக. அந்த நாளில் மட்டக்களப்பில் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

அன்று நாலாம் பாடத்தில் என் மேசைக்கு வந்தார். அழாதே என்று சொல்லவில்லை. “அப்பா வீட்டில என்ன செய்வார் மனே, சொல்லு” என்றார். அப்பா பின்னேரத்தில் தயிருக்கு உறை ஊற்றுவதையும், விடியும்வரை சட்டியை எவரையும் தொட விடாததையும் சொன்னேன். சேர் கேட்டுக்கொண்டே இருந்தார். என் தொண்டை திறந்தது அன்றுதான். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிள்ளை சொல்லும். பின்னாளில் உளவளத்துணை பற்றி நிறையக் கேள்விப்பட்டேன். எனக்கு முதலில் கிடைத்தது அந்த வகுப்பறையில்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் சேர் மனைவியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். மகன் இருக்கிறானா என்று தெய்வமாடுகிறவரிடம் அவ கேட்பா. இருக்கிறான் என்று வாக்கு வரும். சேர் அதை நம்பினாரா, தெரியாது. மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாட்டு முடிந்து தீர்த்தம் தெளிக்கும்வரை அவ பக்கத்திலேயே நிற்பார். அவருடைய பக்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே வரிசையில் என் அம்மாவும் நின்றா. நான் கனடா வந்த பிறகு அவவுக்குத் துணை இல்லை. அந்த வருசங்களில் சேர்தான் அம்மாவையும் கூட்டிப்போய் வந்திருக்கிறார். அம்மா இருந்தவரை இதை எனக்குச் சொல்லவே இல்லை. செத்த வீட்டில் அயலவர்கள் சொன்னார்கள். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவாவது நான் ஊரில் இருந்திருக்கலாம்.

சேருடைய மனைவி இன்னும் கோயிலுக்குப் போகிறா. வருகிற வைகாசியில் நான் போய் அவவோடு நிற்கப்போகிறேன். வரக்கூடிய நம் வகுப்புக்காரர் எனக்கு அறிவியுங்கள்.