12345678987654321-ஐப் பிரித்துப் பார்ப்போம்

இந்த 17 இலக்க எண் 111111111-இன் வர்க்கம். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

காரணிப்படுத்த முழு எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூலத்தைப் பிடித்தால் போதும். ஒன்பது ஒன்றுகளை மூன்று மூன்றாக வெட்டினால் 111 × 1001001. முதலாவது 3 × 37. இரண்டாவதன் இலக்கக் கூட்டல் 3, ஆகவே 3 × 333667. கடைசி எண் பகா எண். நம்பாதவர்கள் 577 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாம், அலுப்பான வேலைதான். வர்க்கப்படுத்தினால் 3⁴ × 37² × 333667². அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்க, 5 × 3 × 3 = 45 வகுத்திகள். வர்க்க எண் என்பதால் ஒற்றைப்படை.

பத்து ஒன்றுகளை வர்க்கப்படுத்தினால் இந்த அழகு குலைந்துவிடும். நடு நிரலில் பத்து ஒன்றுகள் சேர்ந்து 10 ஆகி, மீதி இடப்பக்கம் ஏறுகிறது: 1234567900987654321.

கணினியிலும் கவனம் தேவை. எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். கடைசி இரண்டும் பூஜ்ஜியமாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக்க மொழியின் சாதாரண எண் வகையிலோ ...320 என்று முடியும். 2⁵³-ஐத் தாண்டியதும் அதில் ஒற்றைப்படை முழு எண்களுக்கு இடமில்லை. பைத்தான் என்ற இன்னொரு நிரலாக்க மொழியின் முழு எண் வகையில் இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு (/) அதே தொல்லையைத் திரும்பக் கொண்டுவரும் என்பதால் இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள்.