சுண்டெலிக்கு என்ன தீனி போட்டீர்கள்?

சர்க்கரை நோய் எலும்பை என்ன பாடு படுத்துகிறது என்று சுண்டெலிகளை வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. இந்தத் துறையில் புதிதாக ஓர் ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால், எலிகளுக்கு என்ன தீனி போட்டார்கள் என்ற பத்தியைத்தான் முதலில் தேடுவேன். படங்களும் முடிவுகளும் அப்புறம்தான்.

சர்க்கரை நோய் என்றால் கண், சிறுநீரகம், கால் என்று பார்ப்பார்கள். எலும்பு கடைசியில்தான் நினைவுக்கு வரும். முதல் வகை நோயில் எலும்பின் அடர்த்தியே குறைகிறது. இரண்டாம் வகைதான் குழப்புகிறது. ஸ்கேன் எடுத்தால் அடர்த்தி இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும், ஆனாலும் எலும்பு எளிதில் முறியும். நெடுநாள் மிகுந்து நிற்கும் சர்க்கரை எலும்பின் கொலாஜன் புரதத்தில் ஒட்டி அதன் நெகிழ்வைக் கெடுப்பது ஒரு காரணம். நோயாளியின் தொடை எலும்பை எடுத்து முறித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் சுண்டெலி.

பெரும்பாலும் சி57 பிளாக் 6 என்ற கறுப்பு எலிதான். கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக உள்ள தீனியைப் போட்டால் சில வாரங்களில் உப்பிவிடும், சர்க்கரையும் ஏறும். ஒப்பீட்டுக் குழுவுக்கு 10 சதவீதக் கொழுப்பு. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? அந்தக் கொழுப்புத் தீனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும், உதிரும். எலி அதைக் கொறித்துப் பாதியைப் படுக்கைத் தூளில் சிதறடிக்கும். தீனித் தட்டில் குறைந்த எடையெல்லாம் வயிற்றுக்குள் போனது என்று எழுதினால் கணக்கு தப்பு. தூளைக் கிளறி, நீலச் சாயமிட்ட அந்தத் தீனியின் துணுக்குகளைப் பொறுக்கி எடை போட வேண்டும். நாட்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், எலி முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும்.

இதில் எலும்புக்காரர்கள் கவனிக்க வேண்டியது கால்சியம். கொழுப்புத் தீனி கிராமுக்குச் சுமார் 5.2 கிலோகலோரி தரும், ஒப்பீட்டுத் தீனி சுமார் 3.8. கலோரி கூடுதலாக இருப்பதால் எலி குறைந்த கிராமே தின்னும். கிராம் கணக்கில் இரண்டிலும் ஒரே அளவு கால்சியம் வைத்திருந்தால், கொழுப்பு தின்ற எலிக்குக் கால்சியம் குறைவாகப் போகும். எலும்பு தேய்ந்தால் பழி கொழுப்பின் மேல் விழும். ஆகவே தாதுக்களைக் கலோரிக்கு இவ்வளவு என்று சமன் செய்த தீனிதான் வேண்டும். ஒப்பீட்டுக்குச் சாதாரண ஆய்வகத் தீனியைப் போடுவதும் சரிப்படாது. அதில் பெரும்பாலும் சோயா இருக்கும். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் பொருட்கள் உண்டு, அவை எலும்பையும் தொடும்.

முதல் வகை நோய்க்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி. கணையத்தின் பீட்டா செல்கள் அழிந்து இன்சுலின் நின்றுபோகும். அந்த எலிகள் குடித்துக்கொண்டே இருக்கும், படுக்கை சீக்கிரமே நனைந்துவிடும். ஈரத்தில் கிடக்கும் எலி மெலியும், மெலிந்த உடலில் எலும்பும் குறையும். படுக்கையை அடிக்கடி மாற்றுவது துப்புரவு வேலை என்று நினைக்கிறவர்களை ஆய்வில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

அறையின் குளிரும் அப்படித்தான். நமக்கு இதமான 21 அல்லது 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர். அதற்குச் சுகமானது 30 டிகிரிக்கு அருகில். குளிரில் வளரும் எலிகளிடம் எலும்பின் உட்சல்லடை, அதாவது எலும்புக்குள் சல்லடைபோல் இருக்கும் பகுதி, குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கூடு கட்டிக்கொள்ளக் காகிதக் கீற்றுகளைத் தாராளமாகப் போடுவது இதனால்தான்.

சர்க்கரைத் தாங்கும் திறனை அளக்கும் நாளில் கையாளும் விதம் முக்கியம். பட்டினி போட்டு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு மணி நேரம் வால் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் எடுப்போம். பயந்த எலிக்குச் சர்க்கரை தானாகவே ஏறும். வாலைப் பிடித்துத் தூக்குவதை விட, ஒரு குழாய்க்குள் நுழையவிட்டு எடுத்தால் எலி அவ்வளவாகப் பதறுவதில்லை என்று 2010இலேயே காட்டிவிட்டார்கள். இன்னும் வாலைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

சுண்டெலி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது. நம் எலும்பின் கெட்டியான சுவர் உள்ளிருந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்வதுபோல் அதன் எலும்பு செய்வதில்லை. அந்தக் கறுப்பு எலியில் வளர்ச்சி முடியும் முன்பே உட்சல்லடை குறையத் தொடங்கும், பெண் எலியில் இன்னும் வேகமாக. வயதும் பாலினமும் சொல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

எலும்பை எடுக்க எலியைக் கொல்லத்தான் வேண்டும். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் சொன்னது, முடிந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்பது. எங்கள் மேசையில் அதற்கு அர்த்தம் இதுதான்: ஒரு தொடை எலும்பு மைக்ரோ சிடி என்ற நுண் ஸ்கேனுக்கு, மற்றது வளைத்து முறிக்கும் சோதனைக்கு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க, முதுகெலும்பு உறைபெட்டிக்கு. புதிதாக எலிகள் வேண்டும் என்று யாராவது விண்ணப்பம் கொண்டுவந்தால், முதலில் அந்த உறைபெட்டியின் பட்டியலைக் கேட்பேன்.