அவரைப் பந்தலில் அசுவினி: மாடித்தோட்ட நாட்குறிப்பு

நவம்பர் 24

அவரையின் கொழுந்தெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. நேற்று மாலை நிழல் என்று நினைத்துவிட்டேன். இன்று காலை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் நிழலுக்குக் கால் முளைத்திருக்கிறது. அசுவினி, சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி! பூங்கொத்துக் காம்பில் எள் விழ இடமில்லை. ஆடியில் விதை ஊன்றி, மூங்கில் நட்டுப் பந்தல் போட்டு, இப்போதுதான் பூ வைத்தது.

அத்தை பார்த்துவிட்டு, "பேன் விழுந்திருக்கிறது. காலைப் பனி காய்வதற்குள் சாம்பல் தூவு" என்றார். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது?

நவம்பர் 25

தெருமுனை இஸ்திரிக்காரர் இன்னும் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார். ஒரு பொட்டலம் கொடுத்தார். பாதி கொடிக்கு, பாதி என் தலைக்கு.

நவம்பர் 28

கொழுந்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இலைகளின் அடிப்பக்கம் அப்படியே. வேப்பெண்ணெயை எடுத்தேன். லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் முதலில் குழைத்து, பால் நிறம் வந்த பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். போன வருடம் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, உச்சி வெயிலில் அடித்து, மிளகாய்ச் செடியைக் கருக்கிய கை இது. இந்த முறை தேனீக்கள் போகட்டும் என்று மாலை ஐந்தரை வரை காத்திருந்தேன்.

அடிக்கும்போது இலையடியில் அருவருப்பான ஜந்து ஒன்று கண்ணில் பட்டது. அரிசி நீளம், கறுப்பு உடல், ஆரஞ்சுத் திட்டு, முதலைக்குட்டி போல ஒரு நடை. தேடித் தேடி ஒன்பதைப் பிடித்து நசுக்கினேன். இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 2

அசுவினி முன்பைவிட அதிகம். இதற்கு ஆண் துணையே தேவையில்லை. முட்டைகூட இடாமல் நேராகக் குட்டி போடுகிறது. அந்தக் குட்டியும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தாயாகிவிடும்.

மூங்கிலில் எறும்புச் சாரை. ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசுவினியின் முதுகை உணர்கொம்பால் இரண்டு தட்டு தட்டியது. பின்புறத்தில் ஒரு சொட்டு துளிர்த்தது. உறிஞ்சிவிட்டு அடுத்ததிடம் போனது. கீழ் இலைகளில் பிசுபிசுப்பு ஏன் என்று இப்போது புரிகிறது.

டிசம்பர் 4

தப்பியிருந்த 'முதலை' ஒன்றைப் படம் எடுத்து, வேளாண்மை படித்த தோழிக்கு அனுப்பினேன். பதிலுக்கு வசவுதான் வந்தது. அது பொறிவண்டின் புழு. அசுவினிதான் அதன் சாப்பாடு. ஒன்பது காவல்காரர்களை என் கையாலேயே கொன்றிருக்கிறேன்.

என் குழப்பத்துக்குக் காரணம் கத்தரித் தொட்டி. அங்கே புள்ளிவண்டு இலையின் பச்சையைச் சுரண்டிச் சல்லடையாக்கி வைத்திருக்கிறது. மகள் ஒன்றைப் பிடித்துப் புள்ளி எண்ணினாள்: 28. செம்பு நிறம், உடம்பெல்லாம் பூனைமயிர், பளபளப்பே இல்லை. அதன் புழு மஞ்சள், மேலெல்லாம் முள். பொறிவண்டோ எண்ணெய் தடவியதுபோல மின்னும். ஆனால் இரண்டும் ஒரே குடும்பமாம், ஒன்று அசைவம், மற்றொன்று சைவம். இந்த வீட்டில் சைவம்தான் திருடன்.

வேப்பெண்ணெயை நிறுத்திவிட்டேன். இனிப்புச் சொட்டுக்காக எறும்பு அசுவினிக்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும் என்பதால், மூங்கில் கால்களில் கிரீஸ் தடவினேன். கைப்பிடிச் சுவரைத் தொட்டு எறும்புக்குப் பாலமாக இருந்த கொடிகளையும் வெட்டினேன்.

டிசம்பர் 6

"இவ்வளவு எதற்கு? கடையில் மருந்து வாங்கி ஒரே அடி!" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பிறகு அவரே பழைய கதைக்குப் போனார். 2008-இல் நம் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது அவர் வீட்டு மரம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்ததாம். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்று அவர் சொன்னதும், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதானே அடங்கியது என்றேன். "அதற்கு அரசாங்கம் இருந்தது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

டிசம்பர் 12

அவரை இலையடியில், அசுவினிக் கூட்டத்தின் ஓரமாக, மஞ்சள் முட்டைகள் நட்டு வைத்ததுபோல நிற்கின்றன. கத்தரியில் புள்ளிவண்டு இடுவதும் மஞ்சள்தான். அவரையில், அதுவும் அசுவினிக்கு நடுவில் இருப்பதால் பொறிவண்டு என்று முடிவு செய்தேன். நான் மறந்து கிள்ளிவிடக்கூடும் என்று மகள் அந்தக் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள்.

டிசம்பர் 17

முதலைகள் பொரித்துவிட்டன. ஒன்று, தன் அளவே உள்ள அசுவினியைக் கவ்வித் தலைக்கு மேல் தூக்கி, சாறு வற்றியதும் தோலை உதறியது. மகள் பள்ளிக்குத் தாமதம்.

டிசம்பர் 29

கொழுந்து பச்சையாகத் தெரிகிறது. அங்கங்கே கொஞ்சம் அசுவினி இருக்கிறது, இருக்கட்டும். முதல் பறிப்பு இரண்டு கைப்பிடி. தேங்காய் தூக்கலாகப் போட்டு அத்தை பொரியல் செய்தார்.

கத்தரியில் இரண்டு நுனிகள் தலை தொங்கிவிட்டன. ஒன்றைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு, தண்டுத்துளைப்பான். தண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இதனிடம் பொறிவண்டின் பாச்சா பலிக்காது. இரண்டையும் நறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாயிற்று. உரக்குழியில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும்.