பெற்றவர்களும் உள்ளேதான் இருப்பார்கள்

இங்கிலாந்தில் பிள்ளைகள் ஐசியூவில் நர்ஸாக இருக்கும் நான் லீவில் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறேன். நர்சிங் முடித்த பிள்ளைகள் தென்காசி, அம்பாசமுத்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ "இங்கிலாந்துல பிள்ளைங்க ஐசியூ எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, இதையெல்லாம் ஏஜென்சிக்காரர்களே மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள்.

மெஷினுக்குப் பயப்படவேண்டாம். வென்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப் எல்லாம் இங்கே பார்த்ததுதான். மருந்துக் கணக்கும் அதேதான்: இதயம் நின்றால் அட்ரினலின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், 4 கிலோ குழந்தைக்கு பத்தாயிரத்தில் ஒன்று கரைசலில் 0.4 மில்லி. ஆனால் அங்கே வழக்கமாக நரம்பில் ஏற்றும் மருந்தை இரண்டு நர்ஸ் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒத்துவந்த பிறகுதான் ஏற்றுவோம். சீனியர் போட்டது என்று தலையாட்ட முடியாது. வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நர்ஸ், பாத்ரூம் போவதென்றாலும் இன்னொருத்தரை நிறுத்திவிட்டுத்தான் நகரணும்.

எனக்குப் பழக நாளானது பெற்றவர்கள் விஷயம்தான். நான் இங்கே வேலை பார்த்த இடத்தில் பிள்ளை உள்ளே, குடும்பம் வெளியே: வராந்தாவில் ஆச்சி, மாமா, பெரியம்மை, பக்கத்தில் தூக்குச்சட்டி, கதவு திறக்கும்போதெல்லாம் "சிஸ்டர், கண்ணு முழிச்சானா?" அங்கே அம்மாவோ அப்பாவோ கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், இரவும் பகலும், டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போதும். நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்கூட, விருப்பப்பட்டால் இருக்கலாம். நடப்பதை எடுத்துச் சொல்ல ஒருவர் அவர்கள் பக்கத்திலேயே நிற்பார். முதலில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, பரீட்சைப் பேப்பரை யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி. அப்புறம் பார்த்தால், டியூப் போட்டு மயக்கத்தில் கிடக்கிற பிள்ளைக்கு மானிட்டரில் துடிப்பு ஏறினால், நான் காரணம் தேடுவதற்குள் அம்மா அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்திருப்பார், எண் மெல்ல இறங்கும். ஸ்பாஞ்சை நனைத்து வாயைத் துடைப்பது, டயப்பர் மாற்றுவது, சொல்லிக்கொடுத்தால் அவர்களே செய்துவிடுவார்கள். அதற்காக எல்லாம் அங்கே ஒசத்தி என்று சொல்லமாட்டேன். ராத்திரி மூணு மணிக்கு அந்த அம்மாவுக்கு ஒரு டீ வாங்கித்தர ஆளில்லாமல் தனியாக இருப்பதைப் பார்க்கும்போது நம்ம வராந்தாக் கூட்டமே தேவலை என்று தோன்றும்.

நோயும் வேறே. தேள் கொட்டி உடம்பெல்லாம் வேர்த்து, கைகால் சில்லிட்டு வரும் பிள்ளைக்கு பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுப்போம் என்று சொன்னால் அங்கே கூட வேலை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே டெங்கு வருகிற அதே மாதங்களில் அங்கே ஆர்எஸ்வி என்ற, மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ், கைக்குழந்தைகள் மூச்சிரைத்துக்கொண்டு வருவார்கள். அந்த வைரஸை விரட்ட தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன், சளியை உறிஞ்சி எடுப்பது, குழாய் வழியே பால், காத்திருப்பது. 2024 செப்டம்பரிலிருந்து 28 வாரம் முடிந்த கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள், ஆனாலும் குளிர்காலம் குளிர்காலம்தான். அதனால் தேதி உங்கள் கையில் இருந்தால் ஏப்ரல், மே வாக்கில் போய்ச் சேருங்கள். அக்டோபருக்கு மேல் போனால் பக்கத்தில் நின்று பழக்கிவிட யாருக்கும் நேரம் இருக்காது.