காக்பிட் கதவின் இரு பக்கமும்

1989 மார்ச் 10. கனடாவின் ட்ரைடன் விமான நிலையம். ஏர் ஒன்டாரியோவின் ஃபாக்கர் எஃப்-28 விமானம் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்க, இறக்கைகளின் மேல் பனி படிந்திருந்தது. பயணிகள் உட்காரும் கேபினில் இருந்த பணிப்பெண் அதைப் பார்த்தார். பயணிகளாக வந்திருந்த இரண்டு விமானிகளும் பார்த்தார்கள். விமானிகள் அறையான காக்பிட்டுக்கு யாருமே சொல்லவில்லை. அந்தப் பனியால் மேலே ஏற முடியாமல் விமானம் ஓடுபாதைக்கு அப்பால் மரங்களுக்குள் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். இதுபோன்ற தகவலைக் கேபின் குழு சொல்வதை விமானிகள் விரும்புவதில்லை என்ற எண்ணம் தன்னைத் தடுத்ததாக, உயிர் பிழைத்த பணிப்பெண் விசாரணையில் சொன்னார்.

அந்த எண்ணம் ஒரே நாளில் வந்துவிடாது. முன்பு எப்போதோ ஒரு சந்தேகத்தைக் கேட்டபோது கிடைத்த "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்ற பதில் பல வருஷம் மனசில் நிற்கும். அதனால் கிளம்பும் முன் கேப்டன் குழுவோடு பேசும் பிரீஃபிங்கைக் கடமைக்கு முடிக்கக் கூடாது. கேப்டன் எல்லோர் பெயரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காற்றினால் வரும் குலுக்கல் எத்தனை நிமிஷத்தில் ஆரம்பிக்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று சொல்ல வேண்டும். "குலுக்கல் இருக்கும்" என்று மட்டும் சொன்னால் சூடான காபியோடு டிராலியை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? கடைசியாக, "சத்தமோ வாசனையோ வித்தியாசமா இருந்தா உடனே கூப்பிடுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்லை" என்று கேப்டனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். துணை விமானி சொன்னால் அந்த எடை வராது.

10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் தேவையற்ற பேச்சு கூடாது என்ற விதியை அமெரிக்கா 1981-இல் கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனால் "அந்த நேரத்தில் கூப்பிடவே கூடாது" என்று அதைப் புரிந்துகொண்ட கேபின் குழுவினர் இன்னும் இருக்கிறார்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையும் எந்த உயரத்திலும் சொல்லலாம். விதியைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தப் பாதியையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேபின் பக்கமும் பழக வேண்டியது உண்டு. கண்டதைச் சொல்ல வேண்டும், காரணத்தை ஊகிக்க வேண்டாம். "எஞ்சின் கெட்டுப்போச்சு" என்பதைவிட "12-ஆம் வரிசை, ஏ ஜன்னல் பக்கம், எஞ்சினின் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் தீப்பொறி" என்பது விமானிக்கு உதவும். வரிசை எண்ணும் ஜன்னல் எழுத்தும் முக்கியம். முன்கதவு அருகே பணியாளர் உட்காரும் மடக்கு இருக்கை பெரும்பாலும் பின்பக்கம் பார்த்தே இருக்கும். அங்கே அவருடைய இடது கை விமானத்தின் வலப்பக்கம். புகை என்றால் எங்கிருந்து, என்ன நிறம், ஒயர் கருகும் வாடையா, அழுக்கு சாக்ஸ் போன்ற எண்ணெய் வாடையா என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் 1989 ஜனவரி 8 அன்று போயிங் 737-400 விழுந்தபோது சேதமடைந்திருந்தது இடது எஞ்சின். விமானிகள் அணைத்தது வலது எஞ்சினை. கேப்டன் தன் அறிவிப்பிலேயே வலது என்றார். இடப்பக்கம் தீயைப் பயணிகள் பலரும் கேபின் குழுவில் மூவரும் பார்த்திருந்தார்கள். அந்த முரண் காக்பிட்டை எட்டவில்லை. 47 பேர் இறந்தார்கள். விமானிகளுக்கும் கேபின் குழுவுக்கும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. தனித்தனி வகுப்பில் இதைக் கற்க முடியாது என்பதே என் கருத்தும்.

அவசர நேரத்தில் கேப்டன் சொல்ல வேண்டியவை நான்கு: என்ன பிரச்சினை, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், வேறு ஏதாவது குறிப்பு. கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிழை எளிதாக வரக்கூடியது மூன்றாவதில். "பத்து நிமிஷம்" என்றால் தரையிறங்கவா, திரும்பவா? இருவரும் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொல்லிக்கொண்டால் போதும்.

கேபினிலிருந்து தகவல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தாலும் "நன்றி, பார்த்துட்டோம்" என்று பதில் தர வேண்டும். தரையிறங்கிய பின் அது என்னவாக இருந்தது என்பதையும், தகவல் சொன்னவர் பேருந்தில் ஏறிப் போவதற்குள், சொல்லிவிட வேண்டும்.